தமிழ் வழியில் படித்தவர்கள் சி.ஏ. ஆடிட் பேப்பரில் மார்க் எடுப்பது எப்படி?

பாலக்காட்டு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து சி.ஏ. (சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்) படிக்கக் கிளம்பும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். தேவிகுளம், பீர்மேடு தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், ஆந்திரப் பக்கம் நகரி, புத்தூர்ப் பிள்ளைகளுக்கும் இதே பாடுதான். வீட்டில் தமிழ், பஸ் போர்டில் வேறொரு மொழி, பரீட்சைத் தாளில் மூன்றாவது மொழி.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கணக்கில் சோடை போவதில்லை. அக்கவுண்ட்ஸ், காஸ்டிங் இரண்டிலும் தேறிவிட்டு ஆடிட்டில் (கணக்குத் தணிக்கைப் பாடம்) மட்டும் நாற்பதைத் தொடமுடியாமல் நிற்பார்கள். கேட்டால் "எனக்கு இங்கிலீஷ் வராதுங்க" என்பார்கள். வீட்டில் உடனே ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேர்த்துவிடுவார்கள். அந்தக் காசு வீண். ஆடிட் பேப்பர் கேட்பது பேச்சு ஆங்கிலம் இல்லை, இலக்கிய ஆங்கிலமும் இல்லை. திரும்பத் திரும்ப வரும் சில நூறு சொற்றொடர்களும் ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்களும்தான் அது. அதை மட்டும் குறிவைத்துப் படித்தால் கைக்குள் வந்துவிடும்.

1. விடை எழுதும் மொழியை ஃபார்ம் போடும் முன்பே மனதில் வையுங்கள்

சி.ஏ. தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், அல்லது இந்தியில் எழுதலாம். தமிழோ மலையாளமோ தெலுங்கோ கிடையாது. எக்ஸாம் ஃபார்மில் மீடியம் என்று ஒரு கட்டம் வரும், அவசரத்தில் மாற்றித் தட்டிவிடாதீர்கள். ஃபார்ம் போட்டபின் கரெக்ஷன் விண்டோ திறப்பார்கள். சென்டர், குரூப் (பேப்பர்களின் தொகுதி), மீடியம் மூன்றையும் அதில் திருத்தலாம். அது மூடியபின் அலைச்சல்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கோயம்புத்தூர் கோச்சிங்கில் பாடம் பெரும்பாலும் தமிழில் ஓடும், பாலக்காட்டில் மலையாளம் கலந்து ஓடும். சார் சொல்வது பளிச்சென்று புரியும். புரிந்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்துவிடுவோம். ஆனால் அந்த விஷயத்தை ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிப் பார்த்திருக்கமாட்டோம். தேர்வு அறையில்தான் முதல்முறையாக எழுதுகிறோம். மார்க் போவதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் பார்த்ததில்லை.

2. பதிவு: தேதி, பெயர், காசு

பதிவு முழுக்க, சி.ஏ. தேர்வை நடத்தும் இன்ஸ்டிட்யூட்டின் (ஐ.சி.ஏ.ஐ.) செல்ஃப் சர்வீஸ் போர்ட்டலில் ஆன்லைனில் நடக்கிறது. சி.ஏ.வில் ஃபவுண்டேஷன், இன்டர், ஃபைனல் என்று மூன்று கட்டம். பத்தாவது முடித்ததும் ஃபவுண்டேஷனுக்குத் தற்காலிகமாகப் பதியலாம். தேர்வு எழுதுவது பிளஸ் டூவுக்குப் பிறகுதான். பதிவுக்கும் தேர்வுக்கும் நடுவே நான்கு மாதம் இருக்கவேண்டும். ஆகவே மே–ஜூன் தேர்வுக்கு ஜனவரி 1, செப்டம்பர் தேர்வுக்கு மே 1, ஜனவரித் தேர்வுக்கு செப்டம்பர் 1 பதிவுக்குக் கடைசி நாள் என்பதைக் காலண்டரில் குறித்துவையுங்கள். இன்டருக்கு இடைவெளி எட்டு மாதம்.

கையில் இருக்க வேண்டியவை: பத்தாம் வகுப்புச் சான்றிதழ் (நம் பக்கம் எஸ்.எஸ்.எல்.சி. புக், பிறந்த தேதிக்கும் அதுவே ஆதாரம்), பிளஸ் டூ மார்க் ஷீட் அல்லது ஹால் டிக்கெட், போட்டோ, கையெழுத்து, இட ஒதுக்கீட்டுப் பிரிவாக இருந்தால் அந்தச் சான்று.

பெயரில் கவனம் தேவை. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. புக்கில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் விரிந்து கிடக்கும், பான் கார்டில் மூன்றாவது மாதிரி இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படியோ அப்படியே பதியுங்கள். ஆதாரைப் பதிவுக்கு முன்பே அதற்கு ஏற்ப மாற்றிவிட்டால் பின்னால் அல்லல் இல்லை.

காசுக் கணக்கு: ஃபவுண்டேஷன் பதிவு 9,000 ரூபாய், தேர்வுக் கட்டணம் 1,500. இன்டர் இரண்டு குரூப்புக்கும் சேர்த்துப் பதிவு 18,000, ஒரு குரூப் மட்டும் என்றால் 13,000. இன்டர் தேர்வுக் கட்டணம் ஒரு குரூப்புக்கு 1,500, இரண்டுக்கும் 2,700. கடைசித் தேதி தாண்டினால் தாமதக் கட்டணம் 600. கட்டணங்கள் மாறும், ஆகவே கட்டும் அன்று தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

3. எந்தப் பேப்பரில் ஆங்கிலம் எவ்வளவு கடிக்கும்

ஃபவுண்டேஷனில் நான்கு பேப்பர். கணித, பொருளாதாரப் பேப்பர்கள் இரண்டும் அப்ஜெக்டிவ், தவறான விடைக்குக் கால் மார்க் போகும். எழுதும் பேப்பர்கள் அக்கவுண்டிங்கும் பிசினஸ் லாஸும். முன்பு லா பேப்பரோடு சேர்த்து 40 மார்க்குக்குக் கடிதம், ரிப்போர்ட் எழுதும் ஆங்கிலப் பகுதி இருந்தது. 2024 ஜூன் தேர்விலிருந்து அது இல்லை. அண்ணன், அக்கா கொடுத்த பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு அதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள்.

அந்தப் பகுதி போனதில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் நம்மை ஆங்கிலம் எழுதவைக்க இப்போது ஃபவுண்டேஷனில் லா பேப்பர் ஒன்றுதான் மிச்சம். 1872 ஒப்பந்தச் சட்டத்துக் கேஸ்களுக்கு விடை எழுதும் அதே எலும்புக்கூடுதான் நாளை ஆடிட்டுக்கும் வரப்போகிறது. எப்படியோ நாற்பது எடுத்து ஒப்பேற்றினால் போதும் என்று அதைத் தாண்டி வருபவர்கள் இன்டரில் திணறுகிறார்கள்.

இன்டரில் ஆடிட்டிங் அண்ட் எதிக்ஸ் ஐந்தாவது பேப்பர், இரண்டாவது குரூப்பில் வருகிறது. 30 மார்க் கேஸ் அடிப்படையிலான எம்.சி.க்யூ., 70 மார்க் எழுத்து. அக்கவுண்ட்ஸில் கடைசி விடை தப்பினாலும் ஒர்க்கிங் நோட்டுக்கு (கணக்குப் போட்ட வழிக்கு) மார்க் விழும். இங்கே ஒதுங்குவதற்கு எண்களே கிடையாது, எழுதிய வாக்கியம்தான் எல்லாம். பேப்பருக்கு 40, குரூப்புக்குக் கூட்டி 50 சதவீதம், அதாவது 300க்கு 150 வேண்டும். ஆடிட்டில் 40 எடுத்தால் மற்ற இரண்டிலும் சேர்த்து 110 தேவை. 60 எடுத்தால், குரூப்பில் தேறாவிட்டாலும், அந்தப் பேப்பருக்கு அடுத்த மூன்று தேர்வுகளுக்கு எக்ஸெம்ப்ஷனே (திரும்ப எழுதவேண்டாம் என்ற விலக்கு) கிடைக்கும்.

ஃபைனலில் ஆடிட் மூன்றாவது பேப்பர். அங்கே கேஸ்கள் நீளம், வாசிக்கும் வேகமும் சேர்ந்து சோதிக்கப்படும்.

இலக்கணப் பிழைக்கென்று தனியாக மார்க் குறைப்பதில்லை, நல்ல நடைக்கென்று தனியாகக் கொடுப்பதும் இல்லை. ஆனால் ஒரு ‘நாட்’ விட்டுப்போனால் தகுதியில்லாத ஆடிட்டர் தகுதியுள்ளவர் ஆகிவிடுவார். அந்தப் பிழைக்கு மன்னிப்பு கிடையாது.

4. கேள்வியை வாசிக்கப் பழகுங்கள்

இன்டர் தேர்வு மதியம் 2 முதல் 5 வரை. அதற்கு முன் 1.45க்குத் தாளைக் கொடுத்து 15 நிமிடம் வாசிக்க விடுவார்கள். அந்த நேரத்தில் விடைத்தாளில் எழுதக்கூடாது. இந்தக் கால் மணி நேரம் நமக்குத்தான் அதிகம் பயன்படும். ஆங்கிலத்தில் வாசித்து மனசுக்குள் தமிழாக்கும் வேலை மற்றவர்களுக்கு இல்லையே.

வாசிக்கும்போது முதலில் கேள்வியின் கடைசி வரிக்குப் போங்கள். அங்கே இருக்கும் வினைச்சொல்தான் விடையின் வடிவத்தைச் சொல்லும். ‘லிஸ்ட்’, ‘எனுமரேட்’ என்றால் பாயின்டுகள் போதும், விளக்கம் எழுதி நேரத்தைக் கரைக்கவேண்டாம். ‘எக்ஸ்ப்ளெயின்’ என்றால் ஒவ்வொரு பாயின்டுக்கும் இரண்டு வரி. ‘கமென்ட்’ என்றால் கேஸில் சொன்னவர் செய்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லவேண்டும். ‘அட்வைஸ்’ என்றால் ஆடிட்டர் அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதில் விடை முடியவேண்டும். ‘டிஸ்டிங்விஷ்’ என்றால் தாளை இரண்டு கட்டமாகப் பிரித்து எதிரெதிரே எழுதுவது. கமென்ட் கேட்ட இடத்தில் மனப்பாடம் செய்த விதியை ஒரு பக்கம் எழுதி, தீர்ப்பே சொல்லாமல் வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிறகு குட்டிச் சொற்கள். ‘அன்லெஸ்’, ‘எக்செப்ட்’, ‘அதர் தேன்’, ‘ஒன்லி’, ‘நாட்’, ‘இன்கரெக்ட்’. எம்.சி.க்யூ.வில் இவற்றைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டுத்தான் விடைகளைப் பார்க்கவேண்டும். இன்டர் எம்.சி.க்யூ.வுக்கு நெகடிவ் மார்க் கிடையாது, ஆகவே ஒன்றையும் விடாமல் ஓ.எம்.ஆர். தாளில் நிரப்புங்கள். ‘ஷல்’ என்றால் கட்டாயம், ‘மே’ என்றால் விருப்பம். சட்டத்திலும் தணிக்கைத் தரநிலைகளிலும் இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் விதியே மாறிவிடும்.

5. விடையின் எலும்புக்கூடு

ஆடிட் கேஸ் விடைக்கு மூன்று பகுதி: விதி, கேஸின் விவரம், முடிவு. மூன்றையும் தனித்தனிப் பத்தியாக, இடையில் ஒரு வரி விட்டு எழுதுங்கள். சொன்னால் எளிதாகத் தெரியும். ஒரு கேஸை எடுத்துப் பார்ப்போம்.

கஞ்சிக்கோட்டில் ஒரு நூற்பு ஆலை என்று வையுங்கள். சரக்கு இருப்பின் மதிப்பு பெரியது. மார்ச் 31 அன்று சரக்கு எண்ணும்போது ஆடிட்டர் வரவில்லை, தூரம், செலவு என்று காரணம் சொல்கிறார். நிர்வாகம் கொடுத்த பட்டியலை அப்படியே ஏற்றுக்கொண்டார். கமென்ட்.

நம் பிள்ளைகள் எழுதும் விடை பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஆடிட்டர் நேரில் போய்ப் பார்த்திருக்கவேண்டும், நிர்வாகம் பொய் சொல்லியிருக்கலாம், ஆகவே அவர் செய்தது தவறு. விஷயம் சரிதான். தமிழில் வாய்மொழியாகக் கேட்டால் முழு மார்க் கொடுக்கலாம். தாளில் இதற்கு ஒன்றோ இரண்டோதான் விழும், ஏனென்றால் விதி எங்கேயும் இல்லை.

இதையே இப்படி அடுக்குங்கள். முதல் பத்தி எஸ்.ஏ. (தணிக்கைத் தரநிலை) 501: சரக்கு இருப்பு ‘மெட்டீரியல்’ (கணக்கைப் பாதிக்கும் அளவு பெரியது) என்றால் அதன் ‘எக்ஸிஸ்டன்ஸ்’, ‘கண்டிஷன்’ இரண்டுக்கும் ‘சஃபிஷியன்ட் அப்ரோப்ரியேட் ஆடிட் எவிடென்ஸ்’ பெற, ‘இம்ப்ராக்டிகபிள்’ என்றால் ஒழிய, ஆடிட்டர் சரக்கு எண்ணும் இடத்தில் இருக்கவேண்டும். எதிர்பாராத காரணத்தால் முடியாவிட்டால் வேறொரு நாளில் எண்ணியோ எண்ணுவதைக் கவனித்தோ, இடைப்பட்ட வரவு செலவுகளைச் சோதிக்கவேண்டும். போவது நடைமுறையில் இயலாதது என்றால் ‘ஆல்டர்னேட்டிவ் ஆடிட் ப்ரொசீஜர்ஸ்’ செய்யவேண்டும். வெறும் அசௌகரியத்தைக் காரணமாகச் சொல்லக்கூடாது.

இரண்டாவது பத்தி ‘இன் தி கிவன் கேஸ்’ என்று தொடங்கட்டும். சரக்கு மதிப்பு பெரியது, ஆடிட்டர் தூரத்தையும் செலவையும் காட்டிப் போகவில்லை, பட்டியலை மட்டும் நம்பினார் என்று கேஸில் உள்ளதை விதியோடு கோத்துவிடுங்கள்.

மூன்றாவது பத்தி முடிவு. அவர் செய்தது எஸ்.ஏ. 501க்கு ஒத்துவரவில்லை. போதிய சான்று கடைசிவரை கிடைக்காமல் போனால் எஸ்.ஏ. 705 படி, விளைவு மெட்டீரியல் ஆனால் ‘பெர்வேசிவ்’ (கணக்கு முழுக்கப் பரவியது) இல்லை என்றால் ‘குவாலிஃபைட் ஒப்பீனியன்’ (குறிப்பிட்ட விஷயம் நீங்கலாகக் கருத்து), இரண்டுமே என்றால் ‘டிஸ்க்ளெய்மர்’ (கருத்தே சொல்லமுடியாது என்பது). சான்று கிடைத்து, கணக்கில் உள்ள தவறு மெட்டீரியலும் பெர்வேசிவும் ஆனால்தான் ‘அட்வெர்ஸ்’ (கணக்கு சரியில்லை என்ற கருத்து). டிஸ்க்ளெய்மரையும் அட்வெர்ஸையும் குழப்புவது தொற்றுநோய் மாதிரி, தனியாக உட்கார்ந்து தீர்த்துவிடுங்கள்.

இதில் எத்தனை ஆங்கிலச் சொல் தேவைப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். அதிகமில்லை. ஆனால் அவற்றை அப்படியே எழுதவேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரே சொல்லைத் திரும்ப எழுதாதே என்று சொல்லிக்கொடுத்தார்கள், இங்கே அதை மறந்துவிடுங்கள். சஃபிஷியன்ட் என்பது சான்றின் அளவு, அப்ரோப்ரியேட் என்பது அதன் தரம். அழகுக்காக ‘இனஃப் ப்ரூஃப்’ என்று மாற்றினால் இரண்டு கருத்தும் ஒருசேரக் காணாமல் போகும்.

எஸ்.ஏ. எண்ணும் செக்ஷன் எண்ணும் நிச்சயமாகத் தெரிந்தால் போடுங்கள். சந்தேகம் இருந்தால் ‘கம்பெனீஸ் ஆக்ட், 2013 படி’ என்று பொதுவாக எழுதிவிட்டு விதியைச் சரியாகச் சொல்லுங்கள். தப்பான எண் கண்ணை உறுத்தும். நியமனத்துக்கு 139, நீக்கத்துக்கு 140, தகுதிக்கு 141, அதிகாரமும் கடமையும் 143 என்ற இந்த நான்கு எண்களாவது மனப்பாடமாக இருக்கட்டும்.

6. தினமும் செய்யவேண்டியது

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். ஸ்டடி மெட்டீரியலில் ஒரு எஸ்.ஏ. படித்ததும் அதில் திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர்களை இடது பக்கம் எழுதுங்கள். ‘ரீசனபிள் அஷ்யூரன்ஸ்’, ‘புரொஃபெஷனல் ஸ்கெப்டிசிசம்’, ‘தோஸ் சார்ஜ்டு வித் கவர்னன்ஸ்’, ‘கோயிங் கன்சர்ன்’, ‘எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர்’ மாதிரி. வலது பக்கம் தமிழில் பொருள், உங்கள் சொந்த வார்த்தையில். புரிதல் தமிழிலேயே நடக்கட்டும், அதில் வெட்கம் எதற்கு?

அடுத்து, தினமும் ஒரு கேஸ், கையால், கடிகாரம் வைத்து. 180 நிமிடத்தில் 100 மார்க். எம்.சி.க்யூ.வுக்கு 45 நிமிடம் போனால் 70 மார்க்குக்கு 135 நிமிடம், அதாவது 5 மார்க் கேள்விக்கு ஒன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. வாசிப்பதும் யோசிப்பதும் இதற்குள் அடக்கம். ஆரம்பத்தில் இரண்டு மடங்கு நேரம் ஆகும், பயப்படாதீர்கள்.

எழுதியபின் இன்ஸ்டிட்யூட் வெளியிடும் சஜெஸ்டட் ஆன்ஸரோடு (மாதிரி விடை) வரிக்கு வரி ஒப்பிட்டு, அதில் இருந்து உங்களிடம் இல்லாத சொற்றொடரைச் சிவப்பு மையில் எழுதுங்கள். மறுநாள் அதே கேஸைப் பார்க்காமல் திரும்ப எழுதுங்கள். முழு விடையை மனப்பாடம் செய்யும் வழியில் போகாதீர்கள். நடுவில் ஒரு வரி மறந்தால் மொத்தமும் நின்றுவிடும், சொந்த வாக்கியம் கைகொடுக்க இருக்காது.

எப்போது தொடங்குவது? பிளஸ் டூ தேர்வு முடிந்த விடுமுறையில். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தொடங்கினால் சொற்கள் வரும், வேகம் வராது.

7. எதற்குக் காசு, எதற்கு வேண்டாம்

ஸ்டடி மெட்டீரியல், ரிவிஷன் டெஸ்ட் பேப்பர், மாக் டெஸ்ட் பேப்பர், பழைய கேள்விகளின் சஜெஸ்டட் ஆன்ஸர் எல்லாம் இன்ஸ்டிட்யூட்டின் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் தளத்தில் இலவசம். தேர்வு எழுதியவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்று தேர்வாளர்கள் சொல்லும் குறிப்புகளையும் வெளியிடுகிறார்கள். அதை யாரும் வாசிப்பதில்லை, நீங்கள் வாசியுங்கள். ஃபவுண்டேஷனுக்கும் இன்டருக்கும் இலவச நேரலை வகுப்புகளும் உண்டு. ஆங்கில வகுப்பு ஒன்றுக்காவது காசு கொடுத்தே ஆகவேண்டும் என்றால், எழுதிய விடையைத் திருத்தித் தரும் டெஸ்ட் சீரிஸுக்குக் கொடுங்கள். திருத்தியவர் வெறும் மார்க் போட்டு அனுப்புகிறாரா, வாக்கியத்தைக் குறித்துக் கருத்து எழுதுகிறாரா என்று ஒரு மாதிரித் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

8. சென்டர்

பாலக்காட்டிலும் சென்டர் உண்டு, கோயம்புத்தூரிலும் உண்டு. கேரளத்தில் ஹர்த்தால் என்றால் எல்லையில் பஸ் நின்றுவிடும், எந்த ஊரில் சொந்தக்காரர் வீடு இருக்கிறதோ அந்த ஊரைப் போடுங்கள். செப்டம்பர் தேர்வு என்றால் ஓணக் கூட்டத்தையும் கணக்கில் வையுங்கள்.

9. ஆர்ட்டிகிள்ஷிப்பில் எழுதக் கேளுங்கள்

இன்டர் இரண்டு குரூப்பும் முடித்து, ஐ.சி.ஐ.டி.எஸ்.எஸ். (கம்ப்யூட்டர், பேச்சுத்திறன்) பயிற்சியும் முடித்தபின் இரண்டு வருட ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் வேலைப் பயிற்சி. தமிழ் வழிப் பிள்ளை என்றால் வவுச்சர் பார்க்கவும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடவும் உட்காரவைத்துவிடுவார்கள். ஆங்கிலம் சரளமாக வருபவருக்குத்தான் கொய்ரி லிஸ்டும் (கிளையண்டிடம் கேட்கவேண்டிய கேள்விகளின் பட்டியல்) மெயிலும் போகும். நீங்களாகவே போய், "சார், இந்த ஆடிட்டுக்குக் கொய்ரி லிஸ்ட் நான் டிராஃப்ட் பண்றேன், நீங்க திருத்திக் கொடுங்க" என்று கேளுங்கள். கிளையண்டிடம் தமிழிலோ மலையாளத்திலோ பேசிவிட்டு வந்து அதையே ஆங்கிலத்தில் ஒர்க்கிங் பேப்பராக எழுதுவதைப்போல ஃபைனலுக்கு வேறு பயிற்சி இல்லை.

10. மார்க் வந்தபின்

எதிர்பார்த்த மார்க் வரவில்லை என்றால் அழுதுகொண்டு உட்காராமல் விடைத்தாளின் சான்றிட்ட நகலுக்குப் போடுங்கள். பேப்பருக்கு 500 ரூபாய், ரிசல்ட் வந்த 30 நாளுக்குள் ஆன்லைனில். வெரிஃபிகேஷன் என்று பேப்பருக்கு 100 ரூபாயில் ஒன்று இருக்கிறது. அது கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட விடை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும். மறுமதிப்பீடு கிடையாது, அப்படி வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

நகல் வந்ததும் ஒவ்வொரு விடையிலும் மேலே சொன்ன மூன்று பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். விதி இல்லாத இடத்தில் ஒரு நிறம், முடிவு இல்லாத இடத்தில் இன்னொரு நிறம், நேரம் போதாமல் பாதியில் விட்டதற்கு மூன்றாவது நிறம் என்று கோடிடுங்கள். எந்த நிறம் அதிகமோ அதற்குத்தான் அடுத்த நான்கு மாதம். வருடத்துக்கு மூன்று தேர்வு என்பதால் ரிசல்ட் வரும்போதே அடுத்த ஃபார்மும் திறந்துவிடும். நகலுக்கும் ஃபார்முக்கும் சேர்த்துப் பணத்தை முன்கூட்டியே எடுத்துவைத்துவிடுங்கள்.